பச்சைக் கட்டமும் மாதுளை முத்தும்

தோர்ண்டன் ஹீத்,
6 ஏப்ரல் 2025

திரு. பிரியந்தன் அவர்களுக்கு,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிட்டு வந்திருக்கிறேன். பெயர் சொல்லி எழுதுவது இதுவே முதல் தடவை. எனக்கு எவ்வளவு கோபம் என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளுங்கள்.

ஜெனோஜா வீட்டில் இருக்கிறேன். சொந்தத் தங்கச்சி என்பதால் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. சாப்பிட்டியோ என்று மட்டும் கேட்டாள். உங்கள் அழைப்புகளை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், அழுத பக்கம் தோற்றதாகிவிடும். தாளில் உங்களால் கத்த முடியாது. பேச வேண்டியதை எழுதுங்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் நான் கவுன்சில் வேலையில் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் போன் எடுத்தாள். ஒப்பரேஷன் வேண்டாம் என்று நான் முடிவெடுத்துவிட்டதாக என் கணவர் அழைத்துச் சொன்னாராம். நோயாளி வாயால் கேட்காமல் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க முடியாது, அதனால்தான் கேட்கிறேன் என்றாள். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள். அவர் ஏதோ தவறாக விளங்கிக்கொண்டார், நான் கட்டாயம் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். உங்களை விட்டுக்கொடுக்காமல் நான் சொன்ன கடைசிப் பொய் அது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வராமல் நேரே இங்கே ரயில் ஏறினேன்.

மறந்துபோயிருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். இருபத்திரண்டு வருடமாக எனக்குக் கொலைட்டிஸ். இவ்வளவு காலம் பெருங்குடல் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி வந்தவர்களுக்கு அதில் புற்றுநோய் வரும் சாத்தியம் மற்றவர்களைவிட அதிகம். அதற்காகத்தான் கமரா விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மார்ச் மாதம் பார்த்தபோது ஒரு தட்டையான இடத்தில் கெட்ட மாற்றம் தொடங்கியிருந்தது. இன்னும் புற்றுநோய் இல்லை, அதற்குப் போகிற வழி. டொக்டர் பாஸ்கரன் நாங்கள் இருவரும் இருக்கத்தான் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருக்கலாம், அல்லது பெருங்குடலை முழுதாக எடுத்துவிட்டு, மலம் வந்து சேர வயிற்றில் பை வைத்துக்கொள்ளலாம். தனது எண்ணம் எடுப்பது நல்லது என்பது, தங்கள் கணினிக் கணிப்பும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது, ஆனால் முடிவு என்னுடையது என்றார்.

நான் யோசித்துத்தான் எடுங்கள் என்றேன். நீங்கள் எழும்பி நேரே காருக்கு நடந்தீர்கள். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு மெஷின் சொன்னதுக்காகக் குடலை வெட்டுவீரோ?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்த கிழமையிலேயே என் முதுகுக்குப் பின்னால் போன் எடுத்திருக்கிறீர்கள்.

ஒப்பரேஷன் மே 13, செவ்வாய்க்கிழமை. அது நடக்கும். என் நீலக் கம்பளிச் சட்டையையும் மருந்துப் பையையும் இந்த விலாசத்துக்கு அனுப்பிவிடுங்கள். நேரே கொண்டுவர வேண்டாம்.

தாரகா


ஈஸ்ட் ஹாம்,
9 ஏப்ரல் 2025

தாரகா,

'திரு' போட்ட கடிதம் கிடைத்தது. வருமானவரிக்காரர்தான் எனக்கு அப்படி எழுதுவார்கள். உறையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துத்தான் திறந்தேன்.

ஓம், நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. எரிகிற வீட்டுக்குள் ஒருவர் நடந்து போனால் கையைப் பிடித்து இழுக்காமல், உமது விருப்பம் என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்பதோ? நான் இழுத்தேன். உமக்கு அது முதுகில் குத்தினதாகத் தெரிகிறது.

நான் என்ன தொழில் செய்கிறேன் என்று உமக்குத் தெரியும். இந்த ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பாதிக் கடைக்கு நான்தான் சிசிடிவி கமரா பூட்டியவன். இப்போது வருகிற கமரா எல்லாவற்றுக்கும் மூளை இருக்கிறதாம். ஆளைக் கண்டால் சுற்றிப் பச்சைக் கட்டம் போடும், முதலாளியின் போனுக்கு மணி அடிக்கும். நகைக்கடைக் கிருஷ்ணமூர்த்தியைக் கேட்டுப் பாரும். எதிர்ச் சேலைக் கடையின் கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மைக்கு அது கட்டம் போட்டது. பலூனுக்குப் போட்டது. குப்பை கிளறிய நரிக்குப் போட்டது. அந்த மனிசன் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கடைக்கு ஓடிவந்து, நரியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்துத் திட்டினார். அப்படிப்பட்ட சாமான் ஒன்றை உமது குடலுக்குள் விட்டு, அது கட்டம் போட்ட இடத்தை நம்பி, உள்ளதெல்லாவற்றையும் வெட்டி எறியச் சொல்கிறார்கள்.

பெப்ரவரியில் நடந்ததை மறந்துவிட்டீரோ? தைப்பூசத்துக்கு மறுநாள் இந்த வருடத்து முதல் டெஸ்ட். திரை முழுக்கப் பச்சைக் கட்டம் துள்ளியது என்று டொக்டரே சொன்னார். என்ன அது? எங்கட முருகன்ர மாதுளை முத்து! ஆர்ச்வே கோயிலில் என் கையால் பிசைந்த பஞ்சாமிர்தம். சாமியின் பிரசாதத்தையும் வருத்தத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத மெஷின். இதைக் கோயிலில் சொன்னால் சிரிப்பார்கள், சொல்லக் கூடாதென்று உமக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றும் ஒரு வழி சொன்னார்கள்தானே? அதை ஏன் எடுக்கக் கூடாது? வயிற்றில் ஓட்டை போட்டுப் பையைக் கட்டிக்கொண்டு நீர் எப்படிக் கோயிலுக்கு வருவீர்? எப்படிச் சாமி முன்னால் நிற்பீர்? நான் கேட்கவில்லை, சனம் கேட்கும்.

கம்பளிச் சட்டையை அனுப்பியிருக்கிறேன். துவைத்துத்தான் அனுப்பினேன், கொஞ்சம் சுருங்கிவிட்டது.

பிரியந்தன்


தோர்ண்டன் ஹீத்,
13 ஏப்ரல் 2025

பிரியந்தனுக்கு,

சட்டை இனி ஜெனோஜாவின் மகளுக்குத்தான் அளவு. மருந்துப் பைக்குள் இஞ்சிப் பிஸ்கட் வைத்திருந்தீர்கள். கோபத்தோடுதான் சாப்பிட்டேன்.

முதலில் மாதுளைக் கதையை முடிப்போம். டெஸ்டுக்கு முதல் நாள் திரவம் மட்டும்தான், விதை உள்ள எதையும் அதற்கும் பல நாள் முன்னாலிருந்தே தொடக் கூடாது என்று தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அதை ஒட்டியதும் நீங்கள்தான். அந்த மத்தியானம் கோயிலிலிருந்து வந்து, கிண்ணத்தை நீட்டி, "உது பிரசாதம், சாப்பாட்டுக் கணக்கில வராது, வாயைத் திறவும்" என்றவரும் நீங்கள்தான். திறந்தது நான். ருசியாக இருந்தது, இன்னொரு கரண்டியும் கேட்டேன். ஆகவே இதில் உங்களுக்குப் பாதி, எனக்குப் பாதி.

மறுநாள் நேர்ஸ், கடைசியாக என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். பொய் சொல்கிறேன் என்ற நினைப்பே எனக்கு இல்லை. டெஸ்டைப் பாதியில் நிறுத்திவிட்டு டொக்டர் பாஸ்கரன் வந்து கட்டிலருகில் நின்றார். "மாதுளம்பழம் சாப்பிட்டீங்களாம்மா?" என்றார். இல்லை என்றேன். "நேத்து தைப்பூசமாச்சே. கோயில் பிரசாதம் ஏதாவது?" என்றார். "ஓம், அது பிரசாதம்தானே" என்றேன். அவர் சிரித்ததை என்ன சொல்ல. தைப்பூசம் தெரியாத டொக்டராக இருந்திருந்தால் நான் பொய்க்காரி என்று எழுதி வைத்திருப்பார்.

இப்போது சொல்லுங்கள், பிழை விட்டது யார்? சுவரில் இருக்கக் கூடாத ஒன்று இருக்கிறது என்று அது காட்டியது. இருக்கக் கூடாத ஒன்றுதான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும்தான் அதை அங்கே வைத்தோம்.

இரண்டாவது டெஸ்டில் நான் வெறும் தண்ணீர்க் குழாய் மாதிரிச் சுத்தமாகப் போனேன். மயக்க மருந்து வேண்டாம் என்று சொல்லித் திரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அங்கேயும் கட்டம் கண்டபடி வந்ததுதான். பழைய புண் ஆறிய முடிச்சுகளுக்கெல்லாம் வந்தது. டொக்டர் ஒவ்வொன்றையும் பார்த்து, "இது பழசு, இதுவும் பழசு" என்று தள்ளிக்கொண்டே போனார். ஒரு இடத்தைப் பார்த்துக் கடந்தும் போய்விட்டார். அப்போது கட்டம் ஒருமுறை மின்னி மறைந்தது. அவர் கமராவைப் பின்னால் எடுத்தார். நீல மை தெளித்தார். அதே இடத்தில் சதை கிள்ளி எடுத்தார். அந்தச் சதையை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தவர்கள் இரண்டு மனிதர்கள். மெஷின் இல்லை. கெட்ட மாற்றம் என்று சொன்னது அவர்கள். அதன் கரை எங்கே முடிகிறதென்று கண்ணுக்குத் தெரியாததால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுக்க முடியாது என்றதும் மனிதர்தான்.

உங்கள் வாடிக்கையாளர்கள் திட்டும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? சோபாவில் சாய்ந்துகொண்டு, போனைக் காதில் வைத்து, எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். "அண்ணை, கட்டம் வந்தாக் கள்ளன் எண்டு அர்த்தமில்லை. ஒருக்கா எழும்பிப் போய்ப் பாருங்கோ எண்டுதான் அர்த்தம்." கிருஷ்ணமூர்த்திக்குச் சொல்கிற நியாயம் பெண்சாதிக்குக் கிடையாதா?

டெஸ்டில் எடுத்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கட்டம் போட்ட இடமும் அதில் இருக்கிறது. நீங்கள் கமராக்காரர்தானே, பாருங்கள்.

சனம் கேட்பதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது எழுதினால் நல்ல சொல் வராது.

நாளைக்கு வருடப் பிறப்பு. தலைக்கு மருத்துநீர் வைத்து முழுக மறக்காதீர்கள்.

தாரகா


ஈஸ்ட் ஹாம்,
16 ஏப்ரல் 2025

தாரகா,

மருத்துநீர் வைத்தேன். பொங்கினேன், அடிப்பிடித்தது. தனியாக இருந்து சாப்பிடுகிற பொங்கலுக்கு அது போதும்.

படம் கிடைத்தது. அதை ஸ்கேன் பண்ணிப் பெரிய திரையில் போட்டேன். கடைக்குள் யாராவது எதையாவது சட்டைக்குள் சொருகினால் நான் எந்தக் கோணத்திலும் கண்டுபிடிப்பேன், பொலிஸ்காரரே என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், நிறத்தை எடுத்தேன். சொல்லட்டோ? அந்தக் கட்டத்துக்குள் ஒன்றுமே இல்லை! பக்கத்துச் சுவர் எப்படியோ அப்படித்தான் அதுவும். அதே சிவப்பு, அதே வழவழப்பு. சத்தியமாக ஒன்றும் இல்லை.

இப்போதாவது விளங்குகிறதோ? இருபது வருடம் படம் பார்த்த கண் சொல்கிறது. இன்னொரு டொக்டரிடம் காட்டுவோம். ஆறு மாதம் பார்ப்போம். ஒன்றுமில்லாத இடத்துக்காக நீர் கத்திக்குக் கீழே போக வேண்டாம்.

வீட்டுக்கு வாரும். சண்டை பிடிக்க வேண்டுமென்றால் இங்கே வந்து பிடியும். வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது, எனக்குப் பொறுக்கவில்லை.

பிரியந்தன்


தோர்ண்டன் ஹீத்,
22 ஏப்ரல் 2025

பிரியந்தனுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே நடக்கப் போனேன். திரும்பி வந்தும் கோபம் போகவில்லை, ஆனால் அது இப்போது வேறு கோபம். நீங்கள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

இருபத்திரண்டு வருடமாக நான் எப்படி வாழ்கிறேன் என்று உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. கலியாணம் பேசி வந்தபோதே வருத்தத்தைச் சொன்னேன். "சரி, வீட்டில ரெண்டு டொயிலெட் வேணும், அவ்வளவுதானே" என்றீர்கள். ஒல்லாந்தில் இருந்தபோதும் இங்கே வந்த பிறகும் எந்த ஊருக்குக் காரில் போனாலும், எங்கெங்கே நிறுத்தலாம் என்று முதல் நாளே பார்த்து வைப்பீர்கள். கேட்டால் பெட்ரோல் போட என்பீர்கள். அதற்காகவே உங்களில் எனக்கு எவ்வளவு அன்பு என்று உங்களுக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கோபத்தோடேயே சொல்கிறேன்.

ஆனால் அந்த வருத்தத்தைச் சுமந்தது என் உடம்பு. ஒவ்வொரு டெஸ்டுக்கும் முன்னால் நித்திரை இல்லாமல் கிடந்ததும், முடிவு வரும் வரை தபால்காரரின் காலடியைக் கேட்டுக்கொண்டிருந்ததும் நான். இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையே செய்யச் சொல்கிறீர்கள். ஒருமுறை குடல் கழுவல் சரியாக இல்லாவிட்டால்? ஒருமுறை கட்டம் மின்னாமல் விட்டால்? மெஷினை நம்பாதே என்கிறீர்கள், அதே வாயால் அந்த மெஷினையும் கமராவையும் நம்பி வருடக்கணக்காகக் காத்திரு என்கிறீர்கள். மெஷினில் குருட்டு நம்பிக்கை வைத்தவள் நானில்லை. அதை முழுதாக நம்பாதபடியால்தான் எடுத்துவிடச் சொல்கிறேன்.

சனம் கேட்கும் என்றீர்களே. பை கட்டிய ஒருத்தியை நேற்று ஆஸ்பத்திரி ஏற்பாட்டில் சந்தித்தேன். நீச்சலுக்குப் போகிறாளாம். சட்டையைத் தூக்கிக் காட்டினாள். நான் நினைத்த அளவுக்கு ஒன்றுமில்லை. கோயிலில் எத்தனை பேர் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறதென்று சாமிக்குத் தெரியாதா? இப்போதும் எனக்குள் இருப்பது அதுதான், நாளைக்கு அது வெளியே ஒரு பையில் இருக்கும். நான் கோயிலுக்கு வருவேன். நல்ல பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, முன் வரிசையில் வந்து நிற்பேன்.

எனக்குப் பையில் பயமில்லை. அதை முதல் தரம் பார்க்கும்போது உங்கள் முகம் எப்படி மாறும் என்பதில்தான் பயம். அந்தப் பயத்தையும் வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

மே 13, காலை ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். நீங்கள் வந்தாலும் நடக்கும், வராவிட்டாலும் நடக்கும்.

தாரகா


ஈஸ்ட் ஹாம்,
3 மே 2025

அன்புள்ள தாரகா,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. நாலு தரம் தொடங்கினேன், நாலும் பொய்யாக வந்தது, கிழித்தேன்.

உமது படம் இன்னும் அந்தத் திரையில்தான் இருக்கிறது. வேலையால் வந்து, தேத்தண்ணியை வைத்துக்கொண்டு அதையே பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்று உமக்கு எழுதிய அன்று வெற்றி பெற்றவன் மாதிரி இருந்தேன். பிறகும் பார்த்தேன். ஒரு கிழமை பார்த்தேன். கட்டத்தை மறைத்துவிட்டு, அந்த இடம் எது என்று நானே விரலை வைக்கப் பார்த்தேன். வேறெங்கோ வைத்தேன். இன்னொரு தரம் முயன்றேன், வேறோர் இடம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த இடத்தில் கெட்டது இருக்கிறது. இரண்டு பேர் சதையை வைத்துப் பார்த்துச் சொன்ன விஷயம், அதில் சந்தேகமில்லை. இருந்தும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் மிச்சம் இருக்கிற அவ்வளவு சுவரிலும், கட்டமும் வராமல், டொக்டருக்கும் தெரியாமல், இன்னும் எத்தனை இடம்? அந்தக் கேள்வி வந்த பிறகு திரையை நிறுத்திவிட்டேன். இதைத்தான் டொக்டர் அன்றைக்கு எங்களுக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை. மெஷினோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையில் எனக்கு மெஷினோடு என்ன பகை? அது பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். அம்ஸ்டர்டாமில் என் அண்ணையை ஒப்பரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோது, "பேந்து கதைப்பம், அழாத" என்றார். பிறகு கதைக்கவில்லை. உமக்கு இது தெரியும், ஆனால் அந்தக் கதவை நான் இன்னும் கனவில் காண்கிறேன் என்பது தெரியாது. டொக்டர் ஒப்பரேஷன் என்ற சொல்லை எடுத்ததும் எனக்கு அந்தக் கதவுதான் தெரிந்தது. நீர் அதற்குள் போகாமல் இருப்பதற்கு எந்தப் பொய்யும் எனக்குச் சரியாகப் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்ததும் அப்படித்தான். அது பிழை. உமது உடம்புக்கு நான் கையெழுத்துப் போடப் போனது பெரும் பிழை. அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணுக்குப் போன் எடுத்து, என் மனைவியின் சார்பில் இனி நான் பேச மாட்டேன் என்று சொன்னேன். அவள் என்னை விசரன் என்று நினைத்திருப்பாள்.

கோயில் விஷயம். உமக்குச் சொல்லாமல் ஐயரிடம் கேட்கலாம் என்று வெள்ளிக்கிழமை ஆர்ச்வேக்குப் போனேன். பஞ்சாமிர்தத்துக்குப் பழம் உரித்துக் கொடுத்தேன். கேட்க வாயெடுத்தபோது வெட்கம் வந்துவிட்டது. நீர் சாமி கும்பிட நான் யாரிடம் அனுமதி கேட்பது? கேட்காமல் வந்துவிட்டேன். பட்டுச் சேலை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன். அதை நான் தொடவில்லை, சுருங்காது.

என் முகத்தைப் பற்றி எழுதியிருந்தீர். என் முகத்துக்கு நான் உறுதி சொல்ல ஏலாது, பயந்தால் அது பயந்ததாகத்தான் காட்டும். ஆனால் அது திரும்பிக்கொள்ளாது. ஆஸ்பத்திரியில் பை பழக்குகிற நேர்சிடம் கேட்டு, பை மாற்றுவது எப்படி என்று வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறேன். வயர் பூட்டுகிற கை, பழகிவிடும்.

நான் 13ஆம் திகதி வரட்டோ? வர வேண்டாம் என்றால் வரவில்லை. வெளியே காரில் இருப்பேன்.

பிரியந்தன்


தோர்ண்டன் ஹீத்,
6 மே 2025

இஞ்சாருங்கோ,

வாருங்கள். காரில் இருக்க வேண்டாம், உள்ளே வாருங்கள். என்னைத் தள்ளிக்கொண்டு போகும் கதவு வரை வாருங்கள். அங்கே நின்று அழக் கூடாது. அழுவதானால் நான் உள்ளே போன பிறகு.

எனக்கும் பயம்தான். இவ்வளவு கடிதத்தில் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். எழுதினால் நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்ப இழுப்பீர்கள் என்று விட்டேன். இப்போது சொல்லலாம் போலிருக்கிறது. மயக்க மருந்து கொடுக்கும்போது பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார்களாம். நான் தமிழில் எண்ணப் போகிறேன், அவர்கள் என்ன செய்கிறார்கள் பார்ப்போம்.

வரும்போது போன் சார்ஜர், தேங்காய் எண்ணெய், மென்மையான உள்ளாடை (கடையில் உள்ள பெரிய அளவு, வெட்கப்படாமல் கேட்டு வாங்குங்கள்). சாப்பாடு எதுவும் கொண்டுவர வேண்டாம். பிரசாதமும்தான். திருநீறு மட்டும் கொண்டுவாருங்கள், அதை நெற்றியில் வைக்கலாம், வாயில் போட விட மாட்டேன்.

தாரகா


ஆஸ்பத்திரி, ஆறாவது மாடி,
24 மே 2025

என் தாரகா,

நீர் நித்திரை. எழுப்ப மனமில்லை. கன்டீனில் கடதாசி வாங்கி எழுதுகிறேன். நேரே சொல்ல வெட்கப்படுகிற விஷயங்கள் இன்னும் இருக்கிறபடியால், கடிதம் எழுதுகிற பழக்கத்தை விட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நேற்று டொக்டர் பாஸ்கரன் வந்து சொன்னதை நீர் பாதிதான் கேட்டீர், மருந்து மயக்கம். மிச்சத்தை எழுதுகிறேன். எடுத்த குடலை முழுதாக வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். புற்றுநோய் இல்லை. எங்கேயும் இல்லை. அதை இரண்டு தரம் கேட்டேன். "இல்லைங்க, நிச்சயமா இல்லை" என்றார். ஆனால் அதே மாதிரிக் கெட்ட மாற்றம் இன்னும் இரண்டு இடத்தில் இருந்திருக்கிறது. ஒன்று முதல் இடத்தைவிட முற்றியது, புற்றுநோயின் கதவைத் தட்டிக்கொண்டு நின்றதாம். "அந்த ரெண்டையும் கமராவும் காட்டலை, நானும் பார்க்கலை" என்று அவரே சொன்னார். அப்படிச் சொல்ல ஒரு மனிதனுக்குப் பெரிய மனம் வேண்டும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு மாதம் பார்ப்போம் என்று சொன்ன ஆள் நான். நீர் என் பேச்சைக் கேட்காமல் விட்டதற்கு நன்றி.

இன்றைக்குப் பையை நான் மாற்றினேன். நீர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர். எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். என் முகம் எப்படி இருந்தது என்று நீர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு, "கொஞ்சம் கோணலாய் ஒட்டியிருக்கு, உங்கட கமரா மாதிரி" என்றீர். சரி, நல்ல முகம்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் எல்லாம் தயார். ஜெனோஜா உமது சாமான்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். பட்டுச் சேலை அலமாரியில் தொங்குகிறது. எப்போது கோயிலுக்குப் போகலாம் என்று நீர் சொல்லும், முன் வரிசையில் இடம் பிடித்து வைப்பது என் வேலை.

மேசையில் சின்ன டப்பா ஒன்று இருக்கிறது. பஞ்சாமிர்தம். நேற்றுக் கோயிலில் நானே தனியாகப் பிசைந்தேன். கனிந்த வாழைப்பழம், சர்க்கரை, தேன், ஒரு சொட்டு நெய், அவ்வளவுதான். மாதுளை இல்லை, பேரீச்சை இல்லை, திராட்சை வற்றல் இல்லை. மசித்து, வடித்தட்டில் தேய்த்து, திரும்பவும் மசித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் என்ன குழந்தைக்கோ என்று கேட்டார்கள். இல்லை, பெண்சாதிக்கு, பெருங்குடல் எடுத்திருக்கு என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

ஆனால் தொட முன்னம் நேர்சைக் கூப்பிட்டுக் காட்டும். அவள் சரி என்றால் மட்டும் ஒரு கரண்டி. பிறகு யாராவது வந்து இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று சொல்லக் கூடாது. பிரசாதம் சாப்பிட்டேன் என்று சொல்லும்.

உமது
இஞ்சாருங்கோ